ஒட்டலாமா? மாற்ற வேண்டுமா?

உங்கள் வீட்டில் பவர் மெஷின் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் இருக்கிறதா?

பவர் மெஷின் என்றால் தொழிற்சாலைத் தையல் மெஷின். காலால் உந்தி ஓட்டும் வீட்டு மெஷின் வேறு. இது மோட்டாரில் ஓடும். பேன்ட் தைக்கும். பை தைக்கும். எந்தக் கம்பெனி செய்தாலும் பலர் இதை ஜூக்கி என்றே சொல்கிறார்கள்.

பெரிய கம்பெனிகள் புது மெஷின் வாங்கும்போது பழையதை விற்றுவிடும். அது பழைய மெஷின் வியாபாரியிடம் வரும். பங்கார் கடைக்கும் வரும். அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும். மும்பை தாராவியில் இப்படி எத்தனையோ வீடுகள். கீழே ஓர் அறை. மேலே ஓர் அறை. கீழே அடுப்பு, மேலே மெஷின். நான் எழுத்துப் பாடம் நடத்தும் சந்தும் அப்படித்தான் இருக்கிறது. பெங்களூரிலும் டெல்லியிலும் திருப்பூரிலும் இதே கதைதான்.

பழைய மெஷின் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். நல்ல கனமான இரும்பு. பல வருடம் உழைக்கும். ஆனால் அதோடு வரும் மோட்டாரும் சுவிட்சும் வயரும் பழையவை. அவற்றில் ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததை நாமே சரி செய்யலாமா? சிலதைச் செய்யலாம். சிலதைத் தொடவே கூடாது. எது எது என்று பார்ப்போம்.

என் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை செய்கிறார். இங்கே நான் எழுதுவது அவரிடம் கேட்டது, அவர் பக்கத்தில் நின்று பார்த்தது.

மேஜைக்குக் கீழே என்ன இருக்கிறது?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு மெஷின் மேஜைக்குக் கீழே குனிந்து பாருங்கள்.

பூசணிக்காய் போல ஒன்று தொங்கும். அதுதான் கிளட்ச் மோட்டார். ஒரு பக்கத்தில் புல்லி இருக்கும். புல்லியிலிருந்து பெல்ட் மேலே போகும். இன்னொரு பக்கத்தில் காற்று போக ஓட்டைகள் வைத்த மூடி. மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் கண்டன்சர். சிலர் கப்பாசிட்டர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். மேஜையின் அடியில், கைக்கு எட்டும் இடத்தில், சுவிட்ச் பெட்டி.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றத் தொடங்கும். நீங்கள் தைத்தாலும் சுற்றும், தைக்காவிட்டாலும் சுற்றும். பெடலை மிதித்தால் கிளட்ச் போய்ப் பிடிக்கும். அப்போதுதான் ஊசி இறங்கும். டீ குடிக்க எழுந்து போகும்போது மோட்டாரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், மீட்டரும் சுற்றிக்கொண்டிருக்கும். எழுந்தால் சுவிட்சை அணையுங்கள். இப்போது வரும் புது மெஷின்களில் சர்வோ மோட்டார் இருக்கிறது. அது மிதித்தால் மட்டும் சுற்றும். கரண்ட் செலவு குறைவு.

தகட்டைப் படியுங்கள்

மோட்டாரின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். எண்ணெயும் நூல் தூசியும் மூடியிருக்கும். துணியால் துடையுங்கள். எண்கள் தெரியும். எண் படிக்கத் தெரிந்தால் பாதி மோட்டார் தெரிந்த மாதிரி.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து இருக்கும். இரண்டு கோடுகள் சாய்ந்து கீழே ஒன்று சேர்ந்தால் அது 'வி'. அது வோல்ட். வீட்டுக் கூரை போல இரண்டு கோடு, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை இருந்தால் அது 'ஏ'. அது ஆம்பியர். இரண்டு 'வி'யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல இருந்தால் 'டபிள்யூ'. அது வாட்.

வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 220, 230, 240, இவற்றில் ஒன்று இருந்தால் வீட்டுக் கரண்டில் ஓடும். 400, 415, 440 என்று இருந்தால் அது மூன்று ஃபேஸ் மோட்டார். கம்பெனியில் மூன்று ஃபேஸ் கரண்ட் இருக்கும். நம் வீட்டில் பெரும்பாலும் ஒரு ஃபேஸ்தான். மூன்று ஃபேஸ் மோட்டாரைக் கண்டன்சர் போட்டு ஒரு ஃபேஸில் ஓட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். மும்பையில் இதை ஜுகாட் என்பார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் இழுவை குறையும். சூடு ஏறும். என்னைக் கேட்டால், வாங்கும்போதே தகட்டைப் படித்து ஒரு ஃபேஸ் மோட்டாராக வாங்குவதுதான் நல்லது.

சில தகட்டில் வாட் இருக்காது. எச்.பி. என்று இருக்கும். அது குதிரைத் திறன். 1 குதிரைத் திறன் என்பது 746 வாட். அரைக் குதிரைத் திறன் என்றால் எவ்வளவு? நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த எண்களை எல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். "மோட்டார் சுவிட்ச் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். எண்ணைச் சொல்லிக் கேட்டால் எண் பார்த்துக் கொடுப்பார்.

சுவிட்ச் பெட்டி உடைந்த கதை

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். பள்ளிக்கூடப் பை தைக்கிறார். வீடு மாறியபோது மெஷின் மேஜையைக் கவிழ்த்து ஏற்றினார்கள். அப்போது சுவிட்ச் பெட்டியின் ஒரு மூலை உடைந்துவிட்டது. உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. அக்கா எம்-சீல் வாங்கினார். பிசைந்து உடைந்த இடம் முழுவதும் அப்பினார். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது.

ஒரு நாள் அப்பாவிடம் வந்தார்.

"அண்ணாச்சி, மோட்டார் நல்லாத்தான் ஓடுது. ஆனா மெஷின் மேல கை வச்சா சுருக்குன்னு இழுக்குது. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல."

"செருப்பு போட்டா கரண்ட் போயிருமாம்மா? மெஷின்ல அது அப்படியேதான இருக்கும். நீ செருப்பைக் கழட்டுற நேரத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அப்பா போய்ப் பார்த்தார். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். திருப்புளியால் எம்-சீலைப் பெயர்த்தார். உள்ளே கரி. கன்னங்கரேலென்று இருந்தது.

"எம்-சீல் கரண்ட் கடத்தாதுன்னு கடையில சொன்னாங்களே அண்ணாச்சி?"

"நெசந்தாம்மா. அது கடத்தாது. ஆனா நீ எது மேல பூசியிருக்கே? இந்தக் கரி மேல. கரி கடத்தும்."

நடந்தது இதுதான். மேஜை கவிழ்ந்ததில் உள்ளே ஒரு திருகு தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் கரண்ட் தாவித் தாவிப் போகும். பொறி பறக்கும். சூடு வரும். அந்தச் சூட்டில் சுவிட்சின் உடம்பு கருகியது. கருகிய இடம் கரியானது. கரி வழியாகக் கரண்ட் மெல்ல நகர்ந்து பெட்டியை மேஜையோடு பிடித்திருக்கும் இரும்புத் திருகுக்கு வந்தது. திருகிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு. சட்டத்திலிருந்து மெஷினுக்கு. மெஷினிலிருந்து அக்காவின் கைக்கு. இவ்வளவும் எம்-சீல் மூடிக்கு உள்ளே நடந்தது. மூடி இருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"அப்போ எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது? எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று அக்கா கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி கேளு. இந்தத் துண்டு இல்லேன்னா கரண்ட் வெளிய தெரியுமா? தெரியும்னா ஒட்டாதே. மாத்து."

அன்றே சுவிட்ச் மாற்றினார்கள். அக்கா இப்போது வெறுங்காலோடு தைக்கிறார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் செருப்பை விடவில்லை. அதுவும் நல்லதுதான்.

பழைய சுவிட்ச் ஏன் இப்படி உடைகிறது?

பழைய சுவிட்ச், பழைய பிளக், பழைய ஹோல்டர் எல்லாம் கறுப்பாக அல்லது பழுப்பாக இருக்கும். தட்டினால் ஓடு போலச் சத்தம் வரும். அது பேக்லைட். லியோ பேக்லண்ட் என்ற விஞ்ஞானி 1907-இல் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார். கரண்ட் கடத்தாது, சூடு தாங்கும், விலை குறைவு. அதனால் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் பேக்லைட் வளையாது. விழுந்தால் உடையும். சூடாக்கினால் உருகாது. பிளாஸ்டிக் வாளியைச் சூடான கம்பியால் ஒட்டுவார்கள் அல்லவா? பேக்லைட்டை அப்படி ஒட்ட முடியாது. சூடு அதிகமானால் கருகத்தான் செய்யும்.

இன்னொன்று. உடைந்த விளிம்பைச் சிலர் அரத்தால் ராவி மட்டமாக்குவார்கள். பழைய பேக்லைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. குழந்தை தூங்கும் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஆகவே சுவிட்ச், பிளக், ஹோல்டர், வயர் முனைகளைத் திருகும் கனெக்டர், இவை கீறல் விட்டாலும் புதிது வாங்குங்கள். மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும். வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கூட ஆகலாம். அதனால் விளக்குக்குப் போடும் சின்னச் சுவிட்சை மோட்டாருக்குப் போடாதீர்கள். மோட்டாருக்கு என்றே சுவிட்ச் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைக்கும் சுவிட்ச் கிடைத்தால் மிகவும் நல்லது. மும்பையில் லோஹார் சால் பகுதியில் தெருத் தெருவாக மின்சாரச் சாமான் கடைகள். அங்கே பழைய மாடலுக்குப் பொருந்துவதும் கிடைக்கும்.

வயரும் அப்படித்தான். பழைய ரப்பர் வயரை வளைத்துப் பாருங்கள். மேல் தோல் அப்பளம் போல நொறுங்கினால் அந்த வயர் முழுவதையும் மாற்ற வேண்டும். டேப் சுற்றி ஓட்டக் கூடாது. டேப் ஒரு இடத்தை மூடும். அடுத்த விரற்கடையில் அது மறுபடியும் நொறுங்கும்.

எதை ஒட்டலாம்?

கரண்டுக்குச் சம்பந்தமில்லாத பாகங்கள் நிறைய இருக்கின்றன. மேஜை இழுப்பறைக் கைப்பிடி. நூல் கண்டு நிற்கும் தாங்கி. விளக்கின் வெளிக்கவசத்தில் கரண்ட் படாத பகுதி. பெல்ட்டை மூடும் பிளாஸ்டிக் மூடி.

இந்தப் பெல்ட் மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடைந்தால் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மூடி இல்லாமலும் மெஷின் ஓடும் அல்லவா? ஆனால் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சின்னப் பிள்ளைகளின் விரலும் போவது அந்த இடத்தில்தான். பெல்ட் ஒரு முறை பிடித்தால் விடாது. மூடியை ஒட்டி மாட்டுங்கள். ஒட்ட முடியாவிட்டால் தகரத்தை வளைத்து, விளிம்பை மடித்து, ஒரு மூடி செய்து திருகிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு இரண்டு டியூபாக வரும் எப்பாக்சி பசை நல்லது. அரால்டைட் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஒட்டும் முறை முக்கியம். ஒட்டவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் எண்ணெயைத் துடைக்காமல் ஒட்டியவர்கள். தையல் மெஷினைச் சுற்றி எங்கும் எண்ணெய்தான். சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காய வையுங்கள். பளபளப்பான இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தூசியைத் துடையுங்கள். இரண்டு டியூபிலிருந்தும் உறையில் சொல்லியிருக்கும் அளவு எடுங்கள். பெரும்பாலும் சம அளவுதான். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பசை இறுகாது. பிசுபிசுவென்று நிற்கும். ஒரே நிறமாகும் வரை கலக்குங்கள். ஒட்டிய பிறகு கயிற்றால் கட்டி வையுங்கள். மெதுவாக இறுகும் பசை என்றால் ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள். வேலை அவசரம் என்று மூன்று மணி நேரத்தில் மாட்டினால் மறுபடியும் உடையும்.

சூடு ஏறும் இடத்தில் இந்தப் பசை இளகும். அதனால் மோட்டார் உடம்பில் ஒட்டுவது வீண். அதிரும் இடத்திலும் நிற்காது. கிளட்ச் நெம்புகோலைப் பிடிக்கும் அலுமினியக் கை உடைந்தால் எவ்வளவு பசை போட்டாலும் ஒரு வாரம்தான். அதை ஆர்கான் வெல்டிங் செய்யும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது அதே பாகத்தைப் பழைய மோட்டாரிலிருந்து வாங்கிப் போட வேண்டும். மோட்டார் தொங்கும் கால் வார்ப்பிரும்பு. அதற்குத் தனி வெல்டிங் கம்பி உண்டு. வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். தெரியாதவர் வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரியும்.

கிளட்சுக்குள் ஒரு கார்க்கு வளையம் இருக்கும். அது தேயும். தேய்ந்தால் மிதித்தாலும் மெஷின் இழுக்காது. அது உடைந்த பாகம் அல்ல, தேய்ந்த பாகம். புது வளையம் கடையில் கிடைக்கும். அதில் எண்ணெய் மட்டும் படக் கூடாது.

மோட்டார் உறுமுகிறதா?

சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் "உம்ம்" என்று உறுமும். அப்போது என்ன செய்வீர்கள்? பலர் பெல்ட்டைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார்கள். மோட்டார் ஓட ஆரம்பிக்கும். தினமும் இப்படியே நடக்கும். விரல் போகும் வழி இது.

உறுமினால் உடனே சுவிட்சை அணையுங்கள். உறுமும் மோட்டார் சில நிமிடங்களில் காயிலைக் கருக்கிவிடும். பிளக்கைப் பிடுங்குங்கள். புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் பேரிங் இறுகியிருக்கலாம், நூல் சுற்றியிருக்கலாம். லேசாகச் சுற்றினால் கண்டன்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம். கண்டன்சரின் வயிறு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

கண்டன்சரை மாற்றுவது கஷ்டமான வேலை அல்ல. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். பானையில் மிச்சத் தண்ணீர் நிற்பது போல. அது கையை உதறச் செய்யும். உதறிய கை இரும்பில் மோதும். ஏணியில் நின்றால் விழுவீர்கள்.

அந்த மிச்சத்தை வடிக்க வேண்டும். ஒரு ஹோல்டரில் பழைய கம்பி இழை பல்பு மாட்டுங்கள். ஹோல்டரிலிருந்து இரண்டு வயர் வரட்டும். வயரின் தோல் உள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் கண்டன்சரின் இரண்டு முனைகளில் சில நொடிகள் வையுங்கள். பல்பு மின்னினாலும் மின்னாவிட்டாலும் வைத்திருங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்கு ஆபத்து. பழகியவர் செய்கிறார் என்று நாம் செய்ய வேண்டாம்.

பழைய கண்டன்சரில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மைக்ரோஃபாரட். அது கண்டன்சரின் அளவு. புதியதிலும் அதே எண் இருக்க வேண்டும். இன்னொன்று வோல்ட். அது அதே எண்ணாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். குறையக் கூடாது.

மழைத் தண்ணீரில் நனைந்தால்

மும்பைக்காரர்கள் 2005 ஜூலை 26-ஐ மறக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பொங்கியது. அதன் கரையில்தான் தாராவி இருக்கிறது. எத்தனையோ வீட்டு மெஷின்கள் மூழ்கின. அவ்வளவு பெரிய மழை தினம் வராது. ஆனால் முழங்கால் தண்ணீர் வருடா வருடம் வருகிறது. முழங்கால் உயரத்தில்தான் நம் மோட்டார் தொங்குகிறது.

தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதில் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் மோட்டாரைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். கொடுக்க வேண்டிய சரக்கு நிற்கும். சேட் போன் செய்துகொண்டே இருப்பார். ஆனாலும் போடாதீர்கள். வெளியே காய்ந்திருக்கும், காயிலுக்குள் ஈரம் இருக்கும். ஒரு நொடியில் எரிந்துவிடும். காய வைத்தால் பிழைக்கிற மோட்டார் அவசரத்தால் சாகும்.

நனைந்த மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே பிரித்துச் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். சூட்டில் காய வைப்பார்கள். பிறகு மெகர் என்ற கருவியால் பார்ப்பார்கள். கரண்ட் காயிலை விட்டு மோட்டாரின் உடம்புக்குக் கசிகிறதா என்று அது சொல்லும். 500 வோல்ட் மெகரில் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் வர வேண்டும். "அண்ணே, மெகர்ல எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். என் அப்பாவுக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும்.

பச்சை வயர்

அந்த அக்காவின் கதையில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அவர் மெஷினில் பச்சை வயர் இல்லை. யாரோ எப்போதோ வெட்டி விட்டிருந்தார்கள். பச்சை வயர் என்பது எர்த். சிலதில் பச்சையும் மஞ்சளும் சேர்ந்திருக்கும். அது மெஷினின் இரும்பு உடம்பை மண்ணோடு சேர்க்கிறது. கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். அந்த வயர் இல்லையென்றால் நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் இருக்கும். மேலே உள்ள பின் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். அதுதான் எர்த் பின். ஏன் நீளம்? மாட்டும்போது அது முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். பிளக் உடைந்துவிட்டது என்று வயரை நேரே ஓட்டையில் செருகித் தீக்குச்சி வைத்து அடைக்கிறார்களே, அவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த எர்த்தைத்தான்.

"எங்க வீட்டுல ஃபியூஸ் இருக்கு, எம்.சி.பி. இருக்கு. ஷாக் அடிச்சா அது விழுந்துடும்" என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6 ஆம்பியர் வரை கரண்டை விடும். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். மனிதனைக் காக்க என்று ஆர்.சி.சி.பி. என்ற ஒரு சாதனம் இருக்கிறது. வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும். அதற்கு மேல் உடம்பு தாங்காது என்றுதான் அந்த அளவு வைத்திருக்கிறார்கள். 6000-ஐ 30-ஆல் வகுத்தால் 200. பார்த்தீர்களா? எம்.சி.பி. அசைவதற்குள் நம் உயிரை எடுக்கும் கரண்டைப் போல 200 மடங்கு போய்விடலாம். எம்.சி.பி. வயரைக் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

இதை நாமே மாட்டக் கூடாது. மீட்டர்ப் பலகை வேலை லைசன்ஸ் உள்ள வயர்மேனுடையது. செலவு ஆகும். ஒரே கூரையின் கீழ் மெஷினும் அடுப்பும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

கடைசியாக டெஸ்டர். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். டெஸ்டரே கெட்டிருக்கலாம். முதலில் கரண்ட் உள்ள பிளக் ஓட்டையில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெஷினில் வையுங்கள். டெஸ்டர் எது சொன்னாலும், வேலை தொடங்கும் முன் பிளக் வெளியே இருக்க வேண்டும். பிடுங்கிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். வேறு யாராவது வந்து, "ஏன் மெஷின் நிக்குது?" என்று மாட்டிவிடக் கூடாது.

வகுப்பில் பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் வீட்டு மோட்டாரின் தகட்டில் உள்ள எண்களைப் பார்த்து எழுதி வாருங்கள். வோல்ட் எவ்வளவு? ஆம்பியர் எவ்வளவு?

கீழே சில பாகங்கள் உடைந்திருக்கின்றன. எதை ஒட்டுவீர்கள்? எதை மாற்றுவீர்கள்? ஏன்?
பிளக். பெல்ட் மூடி. நூல் தாங்கி. சுவிட்ச் பெட்டி. கிளட்ச் நெம்புகோலின் அலுமினியக் கை.

எர்த் பின் மற்ற பின்களைவிட ஏன் நீளமாக இருக்கிறது? உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள்.

ஓர் எம்.சி.பி. 16 ஆம்பியர். அது எத்தனை மில்லி ஆம்பியர்?

உங்கள் சந்தில் யார் வீட்டு மெஷினிலாவது பச்சை வயர் வெட்டப்பட்டிருக்கிறதா? அடுத்த வகுப்புக்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்து வாருங்கள்.